பாண்டையாவின் 365 ஊர்கள்

கிரேக்கர்களின் பெருவீரன் ஹெராக்ளீஸுக்கு இந்தியாவில் ஒரு மகள் பிறந்தாள். பெயர் பாண்டையா. தெற்கே கடல்வரை செல்லும் நிலத்தை அவளுக்கென்று தனி நாடாகப் பிரித்துக் கொடுத்தான் தந்தை. 500 யானைகளும் 4,000 குதிரை வீரர்களும் 1,30,000 காலாட்களும் அவளிடம் சேர்ந்தன என்கிறார் அரியன். அந்த நாட்டில் 365 ஊர்கள் என்றும், நாளொன்றுக்கு ஓர் ஊர் அரசிக்குரிய வரியைக் கொண்டுவந்து செலுத்தியது என்றும் இன்னொரு கிரேக்க எழுத்தாளர் பொலியேனஸ் சொல்கிறார். அன்றைய முறைக்கு உரிய ஊரார் அரசியின் பக்கம் நின்று, வரி கட்டாமல் இழுத்தடிப்பவர்களைக் கட்ட வைக்கவும் உதவினார்களாம்.

எண்பதுகளின் நடுவில், மதுரையில் எங்கள் வரலாற்று ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். இந்த மகள் யார்? இந்த நாடு எது? இந்த 365 ஊர்கள் எங்கே? "வெடைய நான் சொல்லப்போறதில்ல. நீங்க தேடிக்கிட்டு வாங்க" என்றார். அது தேர்வில் வராத கேள்வி. எங்களில் சிலருக்கு அதுவே அந்த ஆண்டின் பெரிய பாடமாகிவிட்டது. நான் இன்றுவரை அதை விடவில்லை.

அன்று எங்களுக்குக் கிடைத்த முதல் கருவி நூலகம். இந்தக் கதை மெகஸ்தனிஸிடமிருந்து வந்தது என்று அங்கே தெரிந்தது. அவர் கி.மு. 300 வாக்கில் கிரேக்க மன்னன் செலூக்கஸின் தூதராகப் பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்தனின் அவைக்கு வந்தவர். அவர் எழுதிய 'இண்டிகா' தொலைந்துபோயிற்று. பிற்கால ஆசிரியர்கள் அதிலிருந்து எடுத்தாண்ட துண்டுகளை ஷ்வான்பெக் என்ற ஜெர்மன் அறிஞர் 1846-இல் பான் நகரில் தொகுத்தார். மெக்கிரிண்டில் அதை 1877-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மஞ்சளேறி, ஓரம் உதிரும் தாள்களைக் கொண்ட அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. மேசையிலேயே உட்கார்ந்து நோட்டில் பார்த்து எழுதினோம். பாண்டையா பற்றிய செய்தி ஒரே இடத்தில் இல்லை. அரியனிடம் கொஞ்சம், பொலியேனஸிடம் கொஞ்சம், ரோமானியரான பிளினியிடம் கொஞ்சம். பிளினி 'பாண்டே' என்னும் மக்களைச் சொல்கிறார். இந்தியாவில் பெண்கள் ஆளும் குலம் அது ஒன்றே என்கிறார். ஆனால் அவர் கணக்கில் ஊர்கள் 300, காலாட்கள் 1,50,000. ஒரே கதை ஆளுக்கு ஆள் மாறி வரும்போது எண்கள் எப்படி நழுவுகின்றன என்பதை நாங்கள் அங்கேதான் பார்த்தோம்.

முதல் கேள்வியைத் திறக்கக் கிரேக்கரின் பழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. போன இடமெல்லாம் தங்கள் தெய்வங்களையே அவர்கள் கண்டார்கள். தோல் உடுத்தித் தடியேந்திய மக்களைப் பார்த்ததும், இவர்கள் ஹெராக்ளீஸோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று அலெக்சாந்தரின் ஆட்கள் எழுதிவைத்தார்கள். மெகஸ்தனிஸ் சொல்லும் இந்திய ஹெராக்ளீஸைச் சூரசேனர்கள் சிறப்பாக வழிபட்டார்கள். அவர்களுடைய நகரங்களில் ஒன்று மெதோரா. அது யமுனைக் கரையின் மதுரா. எனவே அந்த ஹெராக்ளீஸ் கண்ணன்தான் என்பது அறிஞர்களில் பலர் ஏற்ற முடிவு. ஹெராக்ளீஸ் என்ற பெயர் மேலே போர்த்திய துணி. அதை விலக்கினால் வடமதுரைக்கும் தென்மதுரைக்கும் உறவு சொல்லும் ஓர் இந்தியக் கதை கிடைக்கிறது. பாணினிக்கு வார்த்திகம் எழுதிய காத்தியாயனர் பாண்டியர் என்ற பெயரைப் பாண்டுவிலிருந்து வருவிக்கிறார். இலங்கையின் மகாவம்சத்தில் விசயனுக்குப் பெண் கொடுத்தவன் தென்மதுரையின் பாண்டு மன்னன். இப்படி ஒரு வமிசக் கதை வடக்கே புழங்கியிருக்கிறது; பாடலிபுத்திரத்தில் யாரோ அதை மெகஸ்தனிஸின் காதில் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கதை அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று? முத்து கொண்டுபோயிருக்கும். நிலத்தையும் நீரையும் சுற்றித் தீயவற்றை அகற்றிய ஹெராக்ளீஸ் கடலில் முத்தைக் கண்டான், தன் மகளுக்கு அணியாக்க எல்லாக் கடல்களிலிருந்தும் அதைத் திரட்டினான் என்று அரியன் எழுதுகிறார். அர்த்தசாத்திரம் முத்து வகைகளில் பாண்டியகவாடத்து முத்தையும், நல்ல பருத்தித் துணிகளில் மதுரைத் துணியையும் சேர்க்கிறது. அசோகரின் கல்வெட்டுகள் பாண்டியரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. சரக்கு போன வழியில் கதையும் போனது. இதை எங்கள் ஆசிரியர் சொன்னபோது, பாண்டியரின் முத்துத்துறையான கொற்கையில் மூச்சடக்கி மூழ்கிய யாரோ ஒருவரின் உழைப்பும் இந்தக் கிரேக்கக் கதைக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

மதுரைக்காரர்களுக்குப் பாண்டையா என்றதும் இன்னொரு மகள் நினைவுக்கு வருவாள். மலயத்துவச பாண்டியன் மகள் தடாதகை, அதாவது மீனாட்சி. முடிசூடினாள், படை நடத்தித் திசைகளை வென்றாள், தனக்கு நிகரான துணையைக் கயிலையில்தான் கண்டாள். பாண்டையாவுக்கும் தகுதியான கணவன் கிடைக்கவில்லை என்று அரியன் எழுதியிருக்கிறார். ஒற்றுமை பெரிதுதான். ஆனால் தடாதகையின் கதையை விரித்துச் சொல்லும் திருவிளையாடல் நூல்களில் பழையதான பெரும்பற்றப்புலியூர் நம்பியின் நூலே மெகஸ்தனிஸுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியது. இடையில் உள்ள கண்ணிகள் நம் கையில் இல்லை. மீனாட்சியை மெகஸ்தனிஸ் அறிந்திருந்தார் என்று சொல்ல அதனால் முடியாது. இவ்வளவு சொல்லலாம்: மகளை அரசியாக்கிய நாடு என்ற பெயர் கி.மு. 300-லேயே பாண்டிய நாட்டுக்கு வெளியே பரவியிருந்தது. இன்றும் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மதுரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், மறுநாள் திக்விஜயம், அதற்கு அடுத்த நாள்தான் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பே செங்கோல் அவள் கைக்கு வந்துவிடுகிறது. சித்திரையில் பொறுப்பேற்று நான்கு மாதம் அவள் ஆள்கிறாள்; ஆவணியில் சுந்தரேசுவரர் ஏற்று மீதி எட்டு மாதம் ஆள்கிறார். ஆட்சிக்கே முறை வைத்த ஊர் இது.

இரண்டாம் கேள்விக்கு வரைபடம் வேண்டியிருந்தது. எங்களுக்கு முதலில் கிடைத்த வரைபடம் தாலமியுடையது. கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து உலகத்து ஊர்களுக்கெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதியவர் அவர். 'மோதூரா, பாண்டியோனின் தலைநகர்' என்று குறித்து, 125 பாகை கிழக்கு, 16 பாகை 20 கலை வடக்கு என்று எண் கொடுத்திருக்கிறார். வரைபடத்தாளில் அதைப் புள்ளி வைத்தோம். உண்மையான மதுரை ஏறத்தாழ 9 பாகை 55 கலையில் இருக்கிறது. தாலமியின் எண்ணை இன்றைய இந்தியாவில் வைத்தால் குண்டூருக்குப் பக்கத்து அட்சரேகைக்குப் போய்விடும். தீர்க்கரேகையை அவர் மேற்கே கானரித் தீவுகளிலிருந்து எண்ணினார். அங்கிருந்து எண்ணினால் மதுரை சுமார் 96 பாகையில் வரவேண்டும், 125-இல் அன்று.

இந்தப் பிழைகளுக்குக் காரணங்கள் உண்டு. தாலமிக்கு முந்திய எரட்டாஸ்தனிஸ் ஒரு பாகைக்கு 700 ஸ்டேடியம் (கிரேக்கத் தூர அளவு) என்று கணக்கிட்டிருந்தார். தாலமி அதை 500 என்று எடுத்துக்கொண்டார். பூமி சுருங்கியது, பயணிகள் சொன்ன அதே தூரங்கள் அதிகப் பாகைகளை விழுங்கின. மேற்குக் கடற்கரை தெற்கே இறங்குவதற்குப் பதிலாகக் கிழக்கே ஓடுவதாகவும் அவர் நினைத்தார். அதனால் தீபகற்பமே தட்டையாகி, இலங்கை பூதாகாரமாக ஊதிவிட்டது. மாலுமிகளும் வணிகர்களும் சொன்ன பயண நாட்களைப் பாகையாக்கிய மனிதர் அவர். வெறும் எண்ணாகப் பார்த்தால் தவறு தெரியும். ஊர்களின் வரிசையாகப் பார்த்தால் ஒரு பயணம் தெரியும். கொற்கையைச் சொல்லிவிட்டுக் கடற்கரையோடு போகிறார், பிறகு உள்நாட்டு ஊர்களுக்கு வருகிறார். அவற்றில் ஒன்று 'பெரிங்கரேய்'. வைகையில் மதுரைக்குக் கீழே சுமார் 40 மைலில் உள்ள பெருங்கரை அது என்பது 1885-இல் வெளிவந்த மெக்கிரிண்டிலின் தாலமி நூலில் உள்ள குறிப்பு.

அதைச் சரிபார்க்க ஒரு நல்ல வரைபடம் கிடைப்பது அன்று பெரும்பாடு. இந்திய நில அளவைத் துறையின் தாள்கள் கல்லூரிகளின் புவியியல் துறை அலமாரிகளுக்குள் பூட்டியிருக்கும். மதுரை நகரம் இருக்கும் தாளின் எண் 58 கே/1. அளவு 1:50,000, தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். அந்தத் தாளில் அடங்குவது ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வைகை குறுக்கே போகும். இருபுறமும் கரையின் வளைவோடு நீலத் துண்டுகளாகக் கண்மாய்கள். இன்னும் வடக்கே போக வேண்டுமானால் 58 ஜே/4 என்ற அடுத்த தாள். அனுமதி வாங்கி, மேலே டிரேஸிங் தாளை விரித்து, பென்சிலால் கண்மாய்களையும் ஊர்ப்பெயர்களையும் நகல் எடுத்தோம். வண்டிப்பாதையின் தூரத்தை நூலை வளைத்துவைத்து அளந்தோம். பிறகு சைக்கிளில் போய்ப் பார்த்தோம்.

சிலைமான் தாண்டித் தென்கரையில் மணலூர், கொந்தகை, அகரம் என்று போவோம். தென்னந்தோப்புகளில் கருப்பும் சிவப்புமாக ஓடு கிடக்கும். "உழுதா இப்படித்தான் வரும் தம்பி, பழைய ஊரு இருந்திருக்கும்போல" என்பார்கள் விவசாயிகள். கீழடியில் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுபதுகளிலேயே இப்படிக் கிடைத்த பழம்பொருள்களைச் சேர்த்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லியிருந்தார். தோண்டிப் பார்க்க நாற்பது ஆண்டு ஆயிற்று.

இப்போதைய காலத்துக்கு வருகிறேன். வரலாறு படிக்கும் என் அண்ணன் மகள் போன கோடையில் என் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, இதெல்லாமா கையால எழுதுனீங்க? மூல நூலே இப்ப நெட்ல இருக்கே" என்றாள். அரியனின் கிரேக்க மூலத்தைப் பெர்சியஸ் மின்னூலகத்தில் திறந்தாள். பண்டைய நூல்களில் வரும் ஊர்களை வரைபடத்தோடு இணைக்கும் டோப்போஸ்டெக்ஸ்ட் தளத்தில் பாண்டையா வரும் இடங்களைத் தேடினாள். அந்த மேசையில் நாங்கள் பல மாதம் செய்த வேலை காப்பி ஆறுவதற்குள் அவள் திரையில் வந்து நின்றது. எனக்கு அதில் சந்தோஷம்தான். அறிவு பூட்டு உடைந்து எல்லார் கைக்கும் வருவதைவிட நல்ல செய்தி ஓர் ஆசிரியருக்கோ மாணவனுக்கோ வேறென்ன இருக்கிறது?

வரைபடத்திலும் அதே மாற்றம். கூகுள் எர்த் 2005-இல் வந்தது. இஸ்ரோவின் புவன் 2009-இல். 2021-இல் மத்திய அரசு நில வரைபடத் தரவுகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. நாங்கள் அனுமதிக் கடிதத்தோடு பார்த்த நிலத்தை இன்று டீக்கடை வாசலில் நின்று கைப்பேசியில் பார்க்கலாம்.

அவள் திரையில் மதுரைக்கு மேலே எழுந்து சுற்றிப் பார்த்ததும் முதலில் தெரிந்தவை கண்மாய்கள். காகிதத்தில் தனித்தனி நீலத் துண்டுகளாக இருந்தவை வானத்திலிருந்து பார்க்கையில் சங்கிலிகளாக இருந்தன. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. ஒவ்வொரு கண்மாய்க் கரைக்குக் கீழும் ஓர் ஊர். வைகைச் சமவெளியின் ஊர்க்கணக்கு என்பது கண்மாய்க் கணக்கே என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் காட்டிவிட்டது.

"சித்தப்பா, அப்ப இதையெல்லாம் எண்ணிட்டா 365 வந்துருமா?"

"எண்ணு. ஆனா எதை எண்ணுறோம்னு முதல்ல முடிவு பண்ணிக்கத்தா" என்றேன்.

இன்றைய மதுரை மாவட்டத்தில் 420 கிராம ஊராட்சிகள். 365-க்குப் பக்கத்தில் வருகிறதே என்று மனம் துள்ளும். துள்ளவிடக் கூடாது. கீழடி மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். ஆனால் அது சிவகங்கை மாவட்டம். அந்த மாவட்டமே 1985-இல் உருவானது. நிர்வாகக் கோடுகள் நேற்றுப் போட்டவை. பசுமையும் அப்படித்தான். வானப்படத்தில் மேலூர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் வயல்களுக்கு 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்தபின் கால்வாயில் வந்த நீர் காரணம். 1959-இல் வைகை அணை வந்தபின் ஆற்றின் போக்கே வேறு. வரைபடத்தில் பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் 1959-ஐயும் 1895-ஐயும் ஒவ்வொன்றாக உரித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் அவள் புரிந்துகொண்டாள். பெரியாறு கால்வாயைத் தனி நிறத்தில் வரைந்து, அதன் பாசனப் பரப்பை ஒதுக்கி வைத்தாள்.

பிறகு உறுதியான இடங்களை மட்டும் குறிக்கத் தொடங்கினாள். முதல் புள்ளி மாங்குளம். மீனாட்சிபுரத்து மலைக் குகைகளின் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டுகளை ராபர்ட் சூவெல் 1882-இல் கண்டார். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் எழுத்துகளைத் தமிழாகப் படித்துக்காட்டினார். 1965-இல் ஐராவதம் மகாதேவன் அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதைக் கண்டுகொண்டார். சங்கப் பாடல்களில் மட்டும் இருந்த பாண்டியன் ஒருவன் கல்லில் எழுந்து நின்ற நாள் அது. அதே மலையில் வெள்ளறை வணிகர் குழுவின் கொடையும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேலூர்ச் சாலையில் உள்ள வெள்ளரிப்பட்டிதான் வெள்ளறை என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பாண்டையா கதைக்கு அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளுக்குள் பெயரோடு நமக்குக் கிடைக்கும் ஊர் அது. திரையில் அளவுகோலை வைத்து மலைக்கும் ஊருக்கும் இடையே அவள் கோடு இழுத்தபோது, அந்த வணிகர்கள் நடந்த தூரத்தை நாங்கள் பார்த்தோம்.

அடுத்த புள்ளி கீழடி. 2013–14-இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரைகளிலும் ஆய்வு நடத்தி 293 இடங்களில் பழைய குடியிருப்புச் சுவடுகளைக் கண்டார்கள். அவற்றில் ஒன்றான கீழடிப் பள்ளிச்சந்தைத் திடலில் 2014–15-இல் அகழாய்வு தொடங்கியது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தமிழி எழுதிய பானை ஓடுகள், நூற்புக் கதிர்கள், தந்தத்தில் தாயக்கட்டைகள் வந்தன. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 வரை போயிற்று. மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்கு வருவதற்கு இருநூற்றெண்பது ஆண்டு முன்பு. கிடைத்த எலும்புகளில் மாடு, எருமை, ஆடுகளுடையவை பெரும்பகுதி. 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. நாங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு இளநீர் குடித்த தோப்புகளின் கீழே இத்தனையும் இருந்திருக்கிறது.

கொற்கைக்கும் போனாள். வானப்படத்தில் அது கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் அதைத் துறைமுகம் இல்லாமல் ஆக்கிவிட்டது. பெருங்கரையைத் தேடினாள். அதே பெயருக்குப் பல புள்ளிகள் எழுந்தன. வைகையை ஒட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினாள். ஆறு காட்டிய வழிதான் சரியான வழி.

இரண்டாம் கேள்விக்கு இப்படி விடை வந்துவிட்டது. பாண்டையாவின் நாடு வைகையும் தாமிரபரணியும் கடலும் சேர்த்துக் கட்டிய நாடு. மூன்றாவது கேள்விக்குத்தான் எந்த வரைபடமும் நேர்விடை தரவில்லை. அதற்கான சாவி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

மதுரையில் கோவலனையும் கண்ணகியையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள் மாதரி என்ற இடைச்சி. ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில் அரண்மனைக் காலை முரசு ஒலிக்கிறது. மாதரி மகள் ஐயையைக் கூப்பிட்டு, அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை இன்றைக்கு நம்முடையது என்று சொல்லிக் கடையக் கயிறும் மத்தும் எடுக்கிறாள். அன்றுதான் பால் உறையவில்லை. கெட்ட நிமித்தம் என்று குரவைக்கு ஏற்பாடு நடக்கிறது. கதையின் துயரத்தில் மூழ்கிய வாசகர் கண்ணில் அந்த நெய்முறை படாமல் போகும். ஆனால் பொலியேனஸ் சொன்ன ஏற்பாடு அதற்குள் உயிரோடு இருக்கிறது: அரண்மனைக்கு வேண்டியதை வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் பிரித்துக்கொண்டு முறை வைத்துக் கொடுப்பது.

இதைப் பிடித்துக்கொண்டால் 365 என்ற எண் புரிந்துவிடுகிறது. யாரும் ஊர்களை எண்ணி அந்தத் தொகைக்கு வரவில்லை. ஆண்டு முழுக்க ஒரு நாளும் விடாமல் முறை ஓடியது என்பதைக் கேட்ட வெளியூர்க்காரர், ஆண்டுக்கு 365 நாள் என்றால் ஊர்களும் 365 என்று எழுதிக்கொண்டார். பிளினி 300 என்று சொல்வதும் இதனால் உறுத்தவில்லை. இது என் முடிவு. கல்வெட்டுச் சான்று கிடைக்கும்வரை இதை ஊகம் என்றே சொல்வேன். ஆனால் வலுவான ஊகம். வரி கட்டாதவனைக் கட்ட வைக்க முறைக்காரர்கள் துணை நின்றார்கள் என்று பொலியேனஸ் சொல்லும் நுட்பமும் இதில் பொருந்துகிறது. ஓர் ஊர் தன் முறையைத் தவறவிட்டால் அடுத்த ஊரின் மேல் பாரம் ஏறும். ஆகவே ஒவ்வொரு ஊரும் மற்ற ஊரைக் கண்காணிக்கும். அரசியின் காவலர்களைவிட அந்தக் கண்காணிப்பு வலிமையானது.

மதுரைச் சமவெளியில் இந்த ஏற்பாடு எங்கும் இருக்கிறது. கண்மாய் மடை திறந்தால் எந்த வயலுக்கு எப்போது நீர் என்பதை நீர்பாய்ச்சி முறை வைத்துப் பாய்ச்சுவார். திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாக இணைத்த திருவிழாவில், அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வந்து திரும்பும் வழியில் நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று போகிறார். ஒவ்வொரு மண்டபமும் ஒரு குடும்பத்துக்கு, ஊருக்கு, சமூகத்துக்கு உரியது. ஆற்றில் இறங்குவது முன்பு தேனூரில் நடந்தது என்பது வழக்கு; இறங்கும் இடம் மாறினாலும் வண்டியூரில் தேனூர் மண்டபம் இன்னும் நிற்கிறது. மேலூர் அருகே வெள்ளலூர் நாட்டின் அறுபது கிராமங்கள் சேர்ந்து ஏழைகாத்த அம்மன் திருவிழா எடுக்கும்போது ஏழு சிறுமிகளைத் தெய்வமாகத் தேர்ந்து வணங்குகின்றன. சிறுமியை அம்மனாக்கி அறுபது ஊர் கூடி நிற்கும் நாட்டில், மகளை அரசியாக்கி ஊருக்கு ஊர் முறை வைத்தார்கள் என்ற கதை பிறந்ததில் வியப்பு எதுவும் இல்லை.

அன்று எங்களிடம் கால் இருந்தது, தாள் இல்லை. இன்று அண்ணன் மகளிடம் உலகத்துத் தாளெல்லாம் இருக்கிறது. இரண்டும் சேர வேண்டிய நேரம் இது. வானப்படத்தில் கண்மாயின் பரப்பு தெரியும்; எந்த மடைக்கு யார் முறை என்பது தெரியாது. மண்டபம் தெரியும், அது யாருடையது, எந்த நாளுக்குரியது என்பது தெரியாது. அந்தக் கணக்கு நீர்பாய்ச்சிகளிடமும் நாட்டு அம்பலகாரர்களிடமும் ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் இருக்கிறது. பல கண்மாய்கள் பேருந்து நிலையமாகவும் அலுவலகமாகவும் குடியிருப்பாகவும் ஆகிவிட்டன. கண்மாய் போனபின் அதன் முறையைச் சொல்லவும் ஆள் இல்லாமல் போகும்.

ஆகவே இப்போது மதுரைப் பக்கம் வரலாறு படிக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் கேட்பது இது. உன் ஊர்க் கண்மாயை வரைபடத்தில் குறி. கலுங்கு எந்தப் பக்கம், வழியும் நீர் எந்த ஊருக்குப் போகிறது என்று நடந்து பார்த்து எழுது. உன் ஊருக்குத் திருவிழாவில் எந்த நாள் முறை, யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று பெரியவர்களிடம் கேட்டு அதே புள்ளியில் பதிந்து வை. பாண்டையா என்று ஒருத்தி இருந்தாளா என்ற கேள்வி திறந்தே கிடக்கட்டும். அவளுடைய ஊர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் கண்மாய்க் கரைகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுவிட வேண்டும்.